ஹார்ட் டிஸ்க் நின்றுபோனால்

கெட்டுப்போன கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிச் செல்பவர் அநேகமாக இரண்டு பதில்களில் ஒன்றோடு திரும்புகிறார். “ஃபார்மேட் போட்டா சரியாயிரும் சார்” என்பது ஒன்று. “ரொம்பப் பழசுண்ணா, புதுசு எடுத்துருங்க” என்பது மற்றொன்று. இரண்டும் சில சமயம் சரியான யோசனைதான். ஆனால் அந்த டிஸ்க்கில் இருந்தவை என்னாகும் என்பதை இரண்டுமே தொடுவதில்லை. முதல் பதிலைக் கேட்டால் அவை அழியும். இரண்டாவதைக் கேட்டால் பழைய பெட்டியோடு பரணுக்குப் போகும்.

டிஸ்க் கெட்ட அன்று உங்கள் முன் மூன்று கேள்விகள் நிற்கின்றன. உள்ளே இருப்பதை எப்படி மீட்பது? டிஸ்க்கை மட்டும் மாற்றினால் போதுமா? கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டுமா? இவை தனித்தனிக் கேள்விகள். இதே வரிசையில், ஒன்றை முடித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். வேலை நிற்கிறதே என்ற பதற்றத்தில் மூன்றையும் ஒரே கடையில் ஒரே மாலையில் தீர்த்துக்கொள்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். டிஸ்க்குக்கு விலை உண்டு, கம்ப்யூட்டருக்கும் உண்டு. பத்தாண்டு வேலைக்கு எந்தக் கடையிலும் விலை கிடையாது.

பேச்சுக்கு ஒரு டிடிபி கடையை எடுத்துக்கொள்வோம். சிறு நகரம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, பில் புக் என்று அடித்துக் கொடுக்கும் கடை. இருப்பது ஒரே டெஸ்க்டாப். பேஜ்மேக்கர் கோப்புகள், கோரல்டிரா டிசைன்கள், வாடிக்கையாளர்கள் கொடுத்த படங்கள், டேலியில் கணக்கு எல்லாம் ஒரே டிஸ்க்கில். வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கும் நிலைமை இதுதான். பத்திரிகைக்குப் பதிலாகப் பிள்ளைகளின் பிறந்தநாள் படங்கள் இருக்கும்.

முதல் வேலை: அணைத்துவிடுங்கள்

ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில், தட்டைத் தொடாமல், படிக்கும் முனை மிதக்கிறது. மனிதத் தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர். முனை பழுதாகித் தட்டில் உரசத் தொடங்கினால், தரவு பதிந்திருக்கும் மெல்லிய காந்தப் பூச்சு சுரண்டப்படும். சுரண்டப்பட்டது போனது போனதுதான்; எந்தத் தரவு மீட்பு ஆய்வகத்தாலும் அதைத் திருப்பித் தர முடியாது. சுரண்டிய தூள் உள்ளேயே பறந்து மற்ற இடங்களையும் கெடுக்கும்.

அதனால்தான் “இன்னொரு தடவை ஆன் பண்ணிப் பார்ப்போம்” என்ற ஆசையை அடக்க வேண்டியிருக்கிறது. ‘டிக், டிக்’ என்று சீரான இடைவெளியில் சத்தம் வந்தால், முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பொருள். மெல்லிய ‘பீப்’ அல்லது முனகல் வந்தால், முனை தட்டில் ஒட்டிக்கொண்டோ மோட்டார் இறுகியோ சுழல முடியாமல் தவிக்கிறது. இந்த இரண்டு சத்தத்தில் எது கேட்டாலும் அணைத்து, கேபிளைக் கழற்றி, டிஸ்க்கை எடுத்து வையுங்கள். வீட்டில் செய்யக்கூடியது அத்தோடு முடிந்தது.

சத்தம் இல்லை, ஆனால் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது, ஒரு ஃபோல்டரைத் திறந்தால் நிமிடக்கணக்கில் சுற்றுகிறது, விண்டோஸ் பாதியில் நிற்கிறது என்றால் நிலைமை வேறு. உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

இங்கே ஒரு பெரிய ஆபத்து காத்திருக்கிறது. விண்டோஸே சில சமயம் “டிஸ்க்கில் பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா?” என்று கேட்கும். சரிசெய்யும் அந்த செக்டிஸ்க் நிரல், நலமான டிஸ்க்கில் கோப்பு அட்டவணை குழம்பியிருந்தால் நல்ல மருந்து. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அது நஞ்சு. முழு டிஸ்க்கையும் மணிக்கணக்கில் வாசிக்க வைக்கும். படிக்க முடியாத பகுதிகளைத் தன் போக்கில் ‘திருத்தி’ எழுதும். தரவை வெளியே எடுக்கும்வரை செக்டிஸ்க், டீஃப்ராக், ஃபார்மேட், விண்டோஸ் மறுநிறுவல் எதையும் அந்த டிஸ்க்கின் அருகில் விடாதீர்கள். மீட்பு மென்பொருளைக்கூட அதே டிஸ்க்கில் இறக்கி நிறுவக் கூடாது. நீங்கள் மீட்க நினைக்கும் கோப்பு கிடந்த இடத்திலேயே அது போய் உட்கார்ந்துவிடலாம்.

கெட்டது டிஸ்க்தானா?

டிஸ்க்கை இணைக்கும் மலிவான சாட்டா கேபிளால் டிஸ்க்குக்குக் கெட்ட பெயர் வருவதும் உண்டு. டெஸ்க்டாப்பாக இருந்தால் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டேட்டா கேபிளையும் பவர் கேபிளையும் எடுத்து மறுபடி செருகுங்கள். முடிந்தால் வேறு கேபிள், வேறு போர்ட்டில் போட்டுப் பாருங்கள். பிறகு பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் ஏறும் முன் வரும் அமைப்புத் திரைக்குள், போய் டிஸ்க்கின் பெயரும் அளவும் சரியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் தெரிந்தால் மின்சுற்று வேலை செய்கிறது. பழுது தட்டின் சில பகுதிகளிலோ விண்டோஸிலோ இருக்கலாம். பெயரே தெரியவில்லை, கேபிள் மாற்றியும் பயனில்லை என்றால் அது ஆய்வக வேலை.

பெயர் தெரியும் டிஸ்க்கை இன்னும் நெருங்கிப் பார்க்க, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவி உதவும். எல்லா டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது; ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். இந்தக் கருவி அதைப் படித்து நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறத்தில் காட்டும். நிறத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல் மூன்று வரிகளைத் தேடுங்கள். 05 என்பது பழுதான இடத்துக்குப் பதிலாக மாற்று இடம் கொடுக்கப்பட்ட எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகள். சி6 என்பது சரிசெய்யவே முடியாதவை. இவை பூஜ்ஜியமாக இருந்தால் நிம்மதி. இன்று 8, அடுத்த வாரம் 40 என்று ஏறினால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. சி7 மட்டும் ஏறினால் சந்தேகப்பட வேண்டியது கேபிளை.

இதைக் கெட்ட பிறகு பார்ப்பதைவிட, நன்றாக ஓடும் இன்றைக்கே பார்ப்பது மேல். இந்தப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான்.

எஸ்எஸ்டி இப்படி முன்னறிவிப்பு கொடுப்பது குறைவு. அதில் சுழலும் தட்டு இல்லை, சத்தமும் இல்லை. நேற்றுவரை ஓடியது இன்று பயாஸில் காணாமல் போகும். சில எஸ்எஸ்டிகள் கடைசிக் காலத்தில் புதிதாக எழுத மறுத்து, படிக்க மட்டும் விடும். அப்படி ஆனால் அதிர்ஷ்டம், உடனே எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடலாம். எஸ்எஸ்டியிலிருந்து தவறுதலாக அழித்த கோப்பை மீட்பதும் கடினம். அழித்த இடத்தை விண்டோஸ் உடனே தெரிவித்துவிட, டிஸ்க் அதைத் துடைத்துக் காலியாக்கிவிடுகிறது.

வெளியே எடுப்பது

சத்தமில்லாத, பயாஸில் தெரிகிற, ஆனால் விண்டோஸ் ஏறாத டிஸ்க்குக்கு நல்ல வழி, அந்த டிஸ்க்கிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்காமல் இருப்பது. வேறொரு கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென்டிரைவில் உபுண்டு ஏற்றிக்கொண்டு வந்து, நிறுவாமல் ‘முயன்று பார்’ என்ற வழியில் அதிலிருந்தே ஓட்டலாம். உங்கள் சி டிரைவும் டி டிரைவும் சாதாரண ஃபோல்டர்களாகத் தெரியும். பக்கத்தில் ஒரு வெளி டிஸ்க்கைச் செருகி இழுத்துப் போட வேண்டியதுதான். டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி வேறு கம்ப்யூட்டரில் சொருகுவது இன்னொரு வழி. லேப்டாப்பின் இரண்டரை அங்குல டிஸ்க்குக்கு யூஎஸ்பி மின்சாரமே போதும். டெஸ்க்டாப்பின் மூன்றரை அங்குல டிஸ்க்குக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் உள்ள டாக் வேண்டும். சிறிய வெளி டிஸ்க்குகள் சிலவற்றில் யூஎஸ்பி முனை டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பெட்டியைப் பிளந்தாலும் உள்ளே சாட்டா முனை இருக்காது.

எதை முதலில் எடுப்பது என்பதை டிஸ்க்கைச் செருகும் முன்பே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மறுபடி கிடைக்காதவை முதலில்; அவற்றிலும் சிறியவை முதலில். சினிமாவும் மென்பொருள் நிறுவல்களும் கடைசியில், அல்லது வேண்டவே வேண்டாம். நம் டிடிபி கடைக்காரர் ஆவணங்கள் ஃபோல்டரையும் டெஸ்க்டாப்பையும் எடுத்ததும் முடிந்தது என்று நினைப்பார். டேலி கணக்கு நிற்பது அந்த இடத்தில் அல்ல. டேலிபிரைம் வழக்கமாக எல்லாப் பயனருக்கும் பொதுவான ‘பப்ளிக்’ ஃபோல்டருக்குள் தன் தரவை வைக்கும். அவுட்லுக் வைத்திருப்பவருக்கு மின்னஞ்சல் முழுவதும் பிஎஸ்டி என்ற ஒற்றைக் கோப்பில் கிடக்கலாம்.

எல்லாரும் மறப்பது எழுத்துருக்களை. பாமினி, வானவில் அவ்வையார் போன்றவற்றில் அடித்த பத்தாண்டு வேலை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். யுனிகோடுக்கு முந்தைய இந்த எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. 2010இல் தமிழ்நாடு அரசு யுனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறிமுறையையும் ஏற்று ஆணையிட்டது. ஆனால் அச்சுத் தொழிலின் பழைய கோப்புகள் பழைய எழுத்துருவிலேயே இருக்கின்றன. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10இன் பிற்காலப் பதிப்புகளிலும் 11இலும் ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் அவர் பெயரிலுள்ள ஃபோல்டருக்குள் ‘ஆப்டேட்டா’ என்ற மறைந்த இடத்தில் இருக்கும், அதையும் பாருங்கள்.

நகலெடுக்கும்போது ஒரு கோப்பில் சிக்கி நின்றால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பல கோப்புகளில் சிக்கினால் கோப்பு கோப்பாக எடுப்பதை நிறுத்திவிட்டு, லினக்ஸில் உள்ள டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் டிஸ்க் முழுவதையும் வேறு பெரிய டிஸ்க்குக்குப் பிம்பமாக எடுப்பது நல்லது. முதல் சுற்றில் எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை எல்லாம் அது எடுத்துவிடும். அடம்பிடிக்கும் இடங்களைத் தாண்டிச் சென்று, பிறகு திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எங்கே விட்டோம் என்பதை ஒரு கோப்பில் எழுதி வைப்பதால் நடுவில் கரண்ட் போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். அதன்பின் பிம்பத்தின் மேல் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவிகளை ஓட்டிக் கோப்புகளைத் தேடலாம். நோயாளி டிஸ்க் அப்போது ஓய்வில் இருக்கும். கட்டளை தட்டிப் பழக்கமில்லாதவர் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். மூலம் எது, இலக்கு எது என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால், வெற்று டிஸ்க்கின் பிம்பம் உங்கள் தரவின் மேல் எழுதப்பட்டுவிடும்.

புதிய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பூட்டு இருக்கிறது. விண்டோஸ் 11 பல மெஷின்களில் டிஸ்க்கைத் தானாகவே குறியாக்கம் செய்துவிடுகிறது. வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் முதன்முதலில் கம்ப்யூட்டரைத் தொடங்கியபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கடைப் பையன் தன் மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருந்தால் அந்த எண் அவனிடம்தான் இருக்கிறது. எண் இல்லாவிட்டால் நலமான டிஸ்க்கிலிருந்துகூட ஒன்றும் எடுக்க முடியாது. இன்றே பார்த்து, எண்ணைத் தாளில் எழுதிப் பத்திரங்களோடு வையுங்கள்.

ஆய்வகத்துக்கு எப்போது?

சத்தம் போடும் டிஸ்க், கீழே விழுந்த டிஸ்க், தண்ணீரில் மூழ்கிய டிஸ்க், பயாஸில் தெரியாத டிஸ்க் ஆகியவற்றில் விலைமதிப்பற்றது எதுவும் இருந்தால் நேராகத் தரவு மீட்பு ஆய்வகத்துக்குப் போங்கள். பக்கத்துக் கடையில் ஒருமுறை முயன்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பதுதான் பல டிஸ்க்குகளின் கடைசி மணி நேரமாக முடிகிறது. முனையை மாற்றும் வேலை தூசு வடிகட்டிய அறையில் நடக்க வேண்டியது. அரை மைக்ரானும் அதற்கு மேலுமான துகள்கள் ஒரு கன அடிக் காற்றில் நூறுக்கு மேல் போகாத அறையைத்தான் இதற்குத் தகுந்தது என்பார்கள். மேசைமேல் ஸ்க்ரூடிரைவரால் டிஸ்க்கைத் திறக்க முன்வருபவரிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஃப்ரீஸரில் வைத்தால் டிஸ்க் உயிர்பெறும் என்ற யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வெளியே எடுத்ததும், நம் ஊர்க் காற்றின் ஈரம் தட்டின் மேல் பனித்து நிற்கும், மேலும் கெடும். அதே மாடல் டிஸ்க்கின் பச்சைப் பலகையைக் கழற்றி மாட்டுவதும் இப்போது வேலைக்காகாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதன் பலகையிலுள்ள சிறு சிப்பில் எழுதப்பட்டிருக்கின்றன; அந்தச் சிப்பையும் எடுத்துப் பற்றவைக்கத் தெரிந்தவர்தான் செய்ய முடியும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளின் தரைத்தளம் மூழ்கியது. கம்ப்யூட்டர் பெட்டி மேசைக்குக் கீழே இருப்பதுதானே நம் வழக்கம். அப்படி நனைந்த டிஸ்க்கை வெயிலில் காய வைக்காதீர்கள். ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள். காய்ந்துவிட்டதா என்று மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள். காய்ந்த சேறும் உப்பும் தட்டில் படிந்து இறுகும். அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஆய்வகத்தில் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு. பரிசோதனைக்குக் கட்டணமா? தரவு கிடைக்காவிட்டால் பணம் உண்டா? கிடைத்த கோப்புகளின் பட்டியலைப் பணம் கட்டும் முன் காட்டுவார்களா? உங்கள் தரவை எவ்வளவு நாள் வைத்திருந்து அழிப்பார்கள்? கட்டணம் சில ஆயிரங்களில் தொடங்கிப் பல பத்தாயிரங்கள்வரை போகும். டிஸ்க்குக்கு வாரண்டி இருக்கிறதே என்று கேட்கலாம். வாரண்டி புது டிஸ்க் தரும், தரவைத் தராது. பழைய டிஸ்க்கை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள் என்பதால், தரவு முக்கியம் என்றால் வாரண்டியை மறந்துவிடுவதே நல்லது.

டிஸ்க்கை மட்டும் மாற்றினால் போதுமா?

தரவு பத்திரம் என்ற பிறகுதான் இந்தக் கேள்வி. பலருக்கு இதன் பதில் ‘போதும்’ என்பதே.

ஏழெட்டு ஆண்டான கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுவதற்கு ஹார்ட் டிஸ்க்தான் பெரும்பாலும் காரணம். தட்டில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு முனை நகர்ந்து தேட ஏறத்தாழ 10 மில்லிசெகண்ட் ஆகிறது. விண்டோஸ் தொடங்க அப்படி ஆயிரக்கணக்கான தேடல்கள். எஸ்எஸ்டியில் நகர ஒன்றுமில்லை. தேடல் அதில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். தொடர்ச்சியாகப் படிக்கும்போதும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 எம்பி என்றால், சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500க்கு மேல். பழைய மெஷினில் ஒரு எஸ்எஸ்டியும் இன்னொரு ரேமும் போட்டுவிட்டு, புது கம்ப்யூட்டர் வாங்கியதுபோல் வேலை பார்ப்பவர்கள் ஏராளம்.

வாங்கும் முன் உங்கள் மெஷினில் எது பொருந்தும் என்று பார்க்க வேண்டும். பழைய லேப்டாப்களில் இரண்டரை அங்குல சாட்டா. அதற்குப் பிந்தையவற்றில் எம்.2 என்ற சிறு பட்டை. எம்.2விலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை. பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றுக்குப் பதில் மற்றொன்று பல மெஷின்களில் வேலை செய்யாது. மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். 512 ஜிபி வாங்கிவிட்டு விண்டோஸில் 476 என்று காட்டினால் ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தாலும் விண்டோஸ் 1,024ஆலும் வகுப்பதால் வரும் வித்தியாசம் அது. பெயர் தெரியாத கம்பெனியின் 2 டிபி எஸ்எஸ்டி மலிவாகக் கிடைக்கிறதென்றால் மட்டும் சந்தேகப்படுங்கள். சிறிய சிப்பை வைத்துப் பெரிய அளவு காட்டும் போலிகள் சந்தையில் உண்டு.

ஆனால் டிஸ்க்கை மாற்றுவதற்கு ஓர் எல்லை உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். உங்கள் மெஷின் தேறுமா என்பதை மைக்ரோசாஃப்டின் ஹெல்த் செக் செயலியே சொல்லிவிடும். தேறினால் எஸ்எஸ்டி போடுங்கள், கவலையில்லை. தேறாவிட்டால், இணையம், கடிதம், கணக்குத் தாள் அளவில் வேலை இருப்பவருக்கு உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ நன்றாகவே ஓடும். தமிழ் தட்டச்சும் அதில் உண்டு. டேலி, கோரல்டிரா, வங்கி டிஜிட்டல் கையொப்பம் என்று விண்டோஸையே நம்பியிருப்பவர்கள் அந்த மெஷினில் இனி பணம் போடக் கூடாது.

புதிது வாங்கும்போது

கடையில் இருந்த இடத்திலேயே இருக்கப்போகும் மெஷின் என்றால் என் வாக்கு டெஸ்க்டாப்புக்கு. பழுதானதைத் தனியாகக் கழற்றி மாற்றலாம், இரண்டாவது டிஸ்க் சேர்க்கலாம், நல்ல மானிட்டர் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கும் கடைக்கும் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தால்தான் லேப்டாப்.

“ஐ5 சார், அருமையான மெஷின்” என்ற பேச்சோடு நிற்காதீர்கள். ஐ5 என்பது குடும்பப் பெயர் மட்டும். அதற்குப் பின்வரும் எண்ணின் தொடக்கம்தான் தலைமுறை. 8250 என்றால் எட்டாம் தலைமுறை. 1135 என்றால் பதினொன்று. 1215 என்றால் பன்னிரண்டு. பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, எட்டாம் தலைமுறை ஐ5ஐ முந்திவிடும். ஏஎம்டியில் வேறொரு சூட்சுமம். லேப்டாப்பின் ரைசன் 7000 வரிசையில் முதல் எண்ணைப் பார்த்துப் புதிது என்று மயங்கக் கூடாது. மூன்றாவது எண்தான் உள்ளே இருக்கும் கட்டமைப்பைச் சொல்லும். 7520இல் மூன்றாவது எண் 2. அது 2019இல் வந்த ஜென் 2 கட்டமைப்பு. 7530இல் அது 3. எண்ணில் பத்துதான் வித்தியாசம். கட்டமைப்பில் ஒரு தலைமுறை வித்தியாசம்.

ரேம் 8 ஜிபி இன்று குறைந்தபட்சம். பெரிய படங்களோடு டிசைன் செய்பவருக்கு 16. லேப்டாப்பில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டதா, பின்னால் கூட்ட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இடம் இல்லாவிட்டால் முதலிலேயே தேவையான அளவு வாங்கிவிட வேண்டும். டிஸ்க் என்ற இடத்தில் ‘இஎம்எம்சி’ என்று எழுதியிருந்தால் வைத்துவிட்டு நகருங்கள். மிக மலிவான லேப்டாப்களில் வரும் 64, 128 ஜிபி சேமிப்பு அது; பலகையோடு ஒட்டியது, மெதுவானது, நிறைந்ததும் விண்டோஸ் புதுப்பிப்புக்குக்கூட இடம் இருக்காது. திரை 1920க்கு 1080 புள்ளிகளுக்குக் குறைந்தால் டிடிபி வேலைக்குக் கண் வலிக்கும்.

பில்லில் ‘டாஸ்’ என்று இருந்தால் விண்டோஸ் உங்களுக்கு வரவில்லை. கடைக்காரர் உடைத்த விண்டோஸைப் போட்டுத் தருவார். தொழில் நடத்துபவர் அதை ஏற்கக் கூடாது. எங்கிருந்து வந்ததென்று தெரியாத கிராக் கோப்புகளோடு, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரும் ஏறி வரலாம்.

சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற நகரங்களிலும், பெரிய நிறுவனங்கள் கழித்த லாட்டிட்யூட், திங்க்பேட், எலைட்புக் லேப்டாப்கள் புதுப்பித்து விற்கப்படுகின்றன. இவற்றை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன், சில நிபந்தனைகளோடு. எட்டாம் தலைமுறைக்குக் கீழ் வேண்டாம். பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வாங்காதீர்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைப் பென்டிரைவில் கொண்டுபோய் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். பேட்டரி போயிருக்கும் என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். ஜிஎஸ்டி பில்லும் எழுத்தில் வாரண்டியும் தராதவரிடம் வாங்க வேண்டாம்.

நம் டிடிபி கடைக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்று. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். இன்டிசைன் சிஎஸ்6 வரைதான் பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தது. அதற்குப் பிந்தைய பதிப்புகள் திறப்பதில்லை. அதனால் பழைய டெஸ்க்டாப்பின் மற்ற பாகங்கள் நன்றாக இருந்தால், சிறிய எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, இணையம் இல்லாமல், பழைய கோப்புகளைத் திறக்கவும் பிடிஎஃப் ஆக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மின்சாரத்தையும் கவனியுங்கள். டெஸ்க்டாப்புக்கு யூபிஎஸ் கட்டாயம். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர் அதன் பின்னாலிருக்கும் சுவிட்ச் ‘யூபிஎஸ்’ பக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்றப் பக்கத்தில் மாறும் நேரம் அதிகம், கம்ப்யூட்டர் அணைந்து எழும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுவது எந்த டிஸ்க்குக்கும் நல்லதல்ல. மூன்று முனை சாக்கெட் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று பொருளில்லை. எலெக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

பழைய டிஸ்க்கை எடைக்குப் போடாதீர்கள். உங்களுக்குப் படிக்க முடியாதது இன்னொருவருக்குப் படிக்க முடியும். ஆதார் நகல்களும் வாடிக்கையாளர் விவரங்களும் அதில்தான் இருக்கின்றன. ஓடக்கூடியதை முழுதாக அழித்தெழுதலாம். ஓடாததைத் துளைபோட்டுக் கெடுத்துவிடலாம். லேப்டாப் டிஸ்க்குகளின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. நொறுங்கித் தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு செய்யுங்கள். அதன்பின் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேருங்கள். 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புது கம்ப்யூட்டருக்குப் பில் போடும்போதே, அதன் டிஸ்க்கைப்போல் இரண்டு மடங்கு அளவுள்ள வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றையும் அதே பில்லில் சேர்த்துவிடுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது கம்ப்யூட்டர் துறையில் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவிலோ உறவினர் வீட்டு டிஸ்க்கிலோ ஒன்று என்றால் கணக்கு நிறைவேறிவிடும். நகல் எடுத்து முடித்ததும் வெளி டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியே இருந்தால் ரான்சம்வேரும் மின்னலும் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று எண்ணாதீர்கள்.